சுவருக்கு வந்த ஜலதோஷம்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். படுக்கை அறையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவைச் சற்று நகர்த்தி, அதன் பின்னால் எட்டிப் பாருங்கள். சுவர் உலர்ந்து சுத்தமாக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம். கறுப்புப் புள்ளிகளும், உப்புப் பூத்த காரையும், ஒரு மக்கல் வாடையும் உங்களை வரவேற்றால், தயவுசெய்து மேலே படியுங்கள்.

மாம்பலத்தில் என் பெரியம்மா பெண் இருக்கிறாள். பழைய காலத்து வீடு. வருஷம் தவறாமல் தீபாவளிக்கு முன்னால் படுக்கை அறைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பாள். பொங்கலுக்குள் அது அப்பளம் போலப் பொரிந்து உதிரும். "பெயிண்ட்காரன் ஏமாற்றிவிட்டானடி" என்று அடுத்த வருஷம் ஆளை மாற்றுவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுடைய நாலு வயதுப் பெண்ணுக்கு இரவானால் இருமலும் இழுப்பும் வந்தன. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "குழந்தை எந்த அறையில் படுக்கிறாள்? சுவரில் ஓதம் உண்டா?" என்று கேட்டாராம்.

"இருமலுக்கும் சுவருக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள் அக்கா.

சம்பந்தம் உண்டு. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொந்தரவுகள் அதிகம் என்றும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கடுமையாகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே சொல்லியிருக்கிறது.

அக்கா ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு பேசாமல் வெளியே போய்விட்டார். "அம்மா, இங்கே வந்து பாருங்க. வியாதி உள்ளே இல்லே, இங்கேதான் இருக்கு" என்று அவர் காட்டியது, அக்கா ஆசையாக வளர்த்த கனகாம்பரப் பாத்தியை! வருஷா வருஷம் மண்ணும் எருவும் கொட்டியதில் பாத்தி, அறையின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. பக்கத்திலேயே துவைக்கிற கல்; அந்த ஜலமெல்லாம் பாத்திக்குத்தான்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல்லும் மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. மூன்று அடி உயரம்வரைகூட அது ஏறும். ஏறும்போது உப்பையும் அழைத்து வருகிறது. ஈரம் காற்றோடு போய்விட, உப்பு தங்கிக் காரையைப் பிளக்கிறது. மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி மூடினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஜலதோஷக்காரருக்குப் பவுடர் போட்டுவிட்டால் ஜலதோஷம் போய்விடுமா?

உங்கள் வீட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சாண் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்புறம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரத் துணியை உள்ளே உலர்த்தாதீர்கள். பின்புறம் நனைந்தால் ஈரம் சுவரிலேயே இருக்கிறது. அப்போது கூரையையும், குழாய்களையும், சுவரின் வெளிப்புறத்தையும் பாருங்கள். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, உங்கள் வாசல் பள்ளமாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அக்கா பாத்தியை வெட்டி எடுத்தாள். வெளித் தரையைச் சுவரிலிருந்து விலகிச் சரியும்படி அமைத்தார்கள். கறை ஏறிய உயரத்துக்கு மேல் ஒரு முழம்வரை காரையைச் சுரண்டினார்கள். உடனே பூசிவிடக் கொத்தனார் சம்மதிக்கவில்லை. ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் கணக்கு. 9 அங்குலச் சுவர்! கார்த்திகையில் சுரண்டியது ஆவணியில்தான் காய்ந்தது. அதுவரை குழந்தை கூடத்தில் படுத்தாள். வந்தவர்களெல்லாம் செங்கல் தெரியும் சுவரைப் பார்த்து, "ஏன், பணம் தட்டா?" என்று கேட்டார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளையடித்தார்கள்.

புது வீடு கட்டும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அஸ்திவாரத்துக்கு மேல், தரை மட்டத்தில், ஓதம் தடுக்கும் பூச்சைப் போட்டார்களா என்று நேரில் நின்று பாருங்கள். பிற்பாடு சுவரைத் துளைத்து மருந்து செலுத்துவதைவிட அது எவ்வளவோ மலிவு.

இந்த வருஷ மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. பீரோவை நகர்த்திப் பார்த்தோம். சுவர் உலர்ந்திருந்தது. குழந்தைக்கு மருந்து இன்னும் நிற்கவில்லை. ஆனால் இருமலால் எழுந்து உட்காரும் இரவுகள் குறைந்துவிட்டன. கனகாம்பரம் இப்போது சுவருக்கு எட்டத்தில், தொட்டியில் பூக்கிறது.

நீங்களும் பெயிண்ட் டப்பாவை வாங்குமுன், வீட்டை ஒரு தடவை வெளியே சுற்றி வாருங்கள்.