சுல்தானுக்காகக் கோபப்பட்டோம், காஜியை மறந்தோம்



நெய்வேலி நகரியத்தில் நம் சகோதரர்கள் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவொன்றில் சென்ற வாரம் ஒரு பழைய திரைப்படத் துணுக்கு வந்தது. 1971-இல் சோ இயக்கி நடித்த ‘முகமது பின் துக்ளக்’ படத்தின் காட்சி அது. ‘முஹம்மத் என்ற பெயரை வைத்துக் கேலி செய்கிறார்கள், இதைத் தடை செய்ய வேண்டாமா?’ என்று கீழே எழுதியிருந்தார் ஒருவர். அரை மணி நேரத்தில் ஆவேசப் பதிவுகள் குவிந்தன. சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும், “படத்தை முழுசாப் பார்த்தவங்க யாரு தம்பி?” என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்கிறது. பரிகாசத்தைக் கண்டிக்க 11-ஐ ஓதுகிற நாம் 6-ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

அந்தப் படம் யாரைப் பரிகசிக்கிறது? கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இருவர் துக்ளக்காகவும் இப்னு பதூதாவாகவும் ஊரை ஏமாற்றுகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறான். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறான். மொழிச் சண்டைக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். அபத்தமான ஆணைகளைச் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சோ அறிவிப்பார். மனோரமா, சுகுமாரி முதலானோர் சுற்றி நின்று அந்த ஆட்டத்தை ஊர்க் கூத்தாக்குவார்கள். அடி அனைத்தும் அரசியல்வாதிகளுக்கும் அவர்களை நம்பிக் கைதட்டும் மக்களுக்குமே. ஆளுங்கட்சிக்கு எரிச்சல் வந்தது இயல்பு. நமக்கு ஏன் வந்தது? பெயரைக் கேட்டவுடனே வந்தது. அன்றும் அப்படித்தான் எதிர்ப்பு எழுந்தது. அல்லாஹ்வைப் புகழ்ந்து எம்.எஸ். விஸ்வநாதன் பாடிய பாடலும் அந்தப் படத்திலேதான் இருக்கிறது. சோவின் பிற்கால அரசியலோடு நமக்குக் கடுகளவும் உடன்பாடில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதும் குர்ஆனின் கட்டளையே.

இனி, நாம் யாருக்காகக் கோபப்பட்டோம் என்று பார்ப்போம். 1325 முதல் 1351 வரை தில்லியை ஆண்ட முஹம்மத் பின் துக்ளக் ஒரு மன்னர். அவர் இமாமும் அல்லர், வலியும் அல்லர். அவருடைய கொடைத்தன்மையையும் இரத்தம் சிந்திய கொடுமையையும் சேர்த்தே எழுதிவைத்தவர், அவரிடமே தில்லியில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா. ஆலிம்களும் சூஃபிகளும்கூட அந்தத் தண்டனைகளுக்குத் தப்பவில்லை என்று அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவர் சோ அல்லர், ஒரு முஸ்லிம் நீதிபதி.

அந்தக் காஜி நம் தமிழ் மண்ணுக்கும் வந்தார். துக்ளக்கின் பிடியிலிருந்து பிரிந்த மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள் ஒருவரை அவர் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவர் பின்னர் மதுரையை ஆண்ட கியாஸுத்தீன். ஆக, சகலை உறவு. அந்தச் சகலை, பிடிபட்ட இந்துக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றதைப் பதூதா மறைக்கவில்லை. வேறெந்த அரசனும் செய்து தாம் கண்டிராத இழிசெயல் அது என்றே வெறுப்புடன் பதிவு செய்தார். கொடுங்கோல் மன்னன் முன் நீதியை உரைப்பது சிறந்த ஜிஹாத் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைக்கிறோம். அதன்படி எழுதுகோல் பிடித்தவரை விட்டுவிட்டு, மன்னனின் பெயருக்கு வாளெடுக்கிறோம்!

படத்தின்மேல் எங்களுக்கு மனக்குறை உண்டு. பதூதாவைத் துக்ளக்கின் கையாளாகக் காட்டியதுதான் அது. உலகம் சுற்றிய ஓர் அறிஞர் தமிழர் நினைவில் நகைச்சுவைக் கூட்டாளியாகத் தங்கிவிட்டார். பீலி சிவம் ஏற்ற அந்த வேடமே இறுதியில் ஏமாற்றை உடைத்துச் சொல்ல முயல்கிறது, கூட்டமோ உண்மை சொன்னவன் மேலேயே பாய்கிறது. சிரித்துக்கொண்டே வந்தவர்களின் வாயை அடைக்கும் இடம் அது. எங்கள் வாட்ஸ்அப் குழுவும் அந்தக் கூட்டத்தைப் போலத்தான் இருந்தது என்றால் சகோதரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

நம் சமூகத்தைக் குண்டு வைப்பவர்களாகவே காட்டும் படங்கள் வருகின்றன. அவற்றைக் காட்சி காட்சியாக எடுத்து வைத்து வாதிடும் ஆற்றல் நமக்குத் தேவை. 2013-இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோது தடையும் வழக்கும் சில காட்சி நீக்கமும் நடந்தன. அதன் பிறகு எத்தனை பேர் அந்தப் படத்தின் குறைகளை நிதானமாக எழுதினோம்?

அன்று மக்ரிபுக்குப் பின் மத்ரஸாவில் பிள்ளைகளிடம் கேட்டோம், “இப்னு பதூதா யார்?” பெரிய வகுப்பில் ஒருவன் மட்டும் கை தூக்கினான். “துக்ளக்கோட கூடவே வர்ற காமெடியன், உஸ்தாத்.”

அடுத்த நாள் பாடத்தை மதுரையிலிருந்து தொடங்கினோம்.