மணி அடிச்சாச்சு, கொஞ்சம் சும்மா இருங்க வாத்தியாரே!

2021-ல 'சார்பட்டா பரம்பரை' வந்ததுல இருந்து நம்ம எல்லாருக்கும் பாக்ஸிங் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில ஹாஸ்டல்ல யாராவது யூஎஃப்சி போட்டா போதும். ஒரு லேப்டாப், சுத்தி பத்து பேர், பத்து பேருமே வாத்தியார். "லெஃப்ட்டு போடுடா!", "கட்டிப் புடி, கட்டிப் புடி!" நாம கத்துறது அந்த ஃபைட்டருக்குக் கேக்கப் போறதில்ல, அதனால யாருக்கும் நஷ்டமும் இல்ல.

ஆனா ரிங் ஓரத்துல நிஜமாவே ஒருத்தர் உட்கார்ந்து கத்துறார் பாருங்க, அவர் சமாசாரம் வேற. அவர்தான் கார்னர்மேன். ரவுண்டு முடிஞ்சதும் ஸ்டூல் போடுவார், தண்ணி கொடுப்பார், வெட்டுக்காயத்துல ரத்தத்தை நிறுத்துவார், வீங்கின கண்ணுல குளிர்ந்த இரும்பை வச்சு அழுத்துவார். அடுத்த ரவுண்டுக்கு என்ன பண்ணணும்னு சொல்லுவார். இதுல எனக்கு எந்தப் பிரச்சனையும் இல்ல. மணி அடிச்ச பிறகும் அவர் சொல்லிக்கிட்டே இருக்கலாமா? அதுதான் என் கேள்வி.

கூடாதுங்கிறதுதான் என் கட்சி. ஓய்வு நேரத்துல எவ்வளவு வேணா சொல்லட்டும். ஆட்டத்தை நிறுத்துற அதிகாரம் எந்த நொடியிலும் அவர் கையில இருக்கட்டும். ஆனா ரவுண்டு ஓடும்போது "இதை அடி, அதை அடி"ன்னு ஓட்டக் கூடாது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, இப்போ நிலைமை என்னன்னு பார்த்துடலாம்.

அமெச்சூர் பாக்ஸிங்ல, ரவுண்டு நடக்கும்போது கார்னர் அறிவுரை சொல்லக் கூடாதுன்னு ரொம்ப வருஷமா விதி இருந்தது. விதி இருந்ததே தவிர, கத்தாத கார்னரைத் தேடித்தான் பிடிக்கணும். எம்எம்ஏ-ல அந்தக் கூச்சமே கிடையாது. 5 நிமிஷ ரவுண்டு முழுக்க கூண்டுக்கு வெளியில இருந்து குரல் வந்துக்கிட்டே இருக்கும். ஜூடோ மட்டும் ஒரு நல்ல வேலை பண்ணுச்சு. 2013-ல இருந்து, ரெஃபரி "மாத்தே" சொல்லி ஆட்டத்தை நிறுத்துற இடைவெளியில மட்டும்தான் கோச் பேசலாம். ஆட்டம் திரும்பத் தொடங்கினா அமைதி. மீறினா எச்சரிக்கை, அதையும் மீறினா நாற்காலியை விட்டு வெளியேத்திடுவாங்க.

இப்போ என் காரணங்கள்.

முதல்ல, சண்டை யாரோடது? 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மேன் கூட மோதுறார். ஃபோர்மேனோட குத்து எப்படிப்பட்டதுன்னு ஊருக்கே தெரியும். அலி போய் கயித்துல சாஞ்சுக்கிட்டு அடி வாங்குறார். அவரோட சொந்த கார்னர், ஏஞ்சலோ டண்டீ உட்பட, கயித்தை விட்டு வெளியில வாங்கன்னு கதறுறாங்க. அலி கேக்கல. ஃபோர்மேன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போறார், எட்டாவது ரவுண்டுல விழுறார். டண்டீ சாதாரண ஆள் இல்ல, பாக்ஸிங் வரலாத்துல பெரிய மூளைகள்ல ஒண்ணு. அவருக்கே அன்னைக்கு வெளியில இருந்து தெரியாத ஒண்ணு, உள்ள நின்னவனுக்குத் தெரிஞ்சுது. எதிராளியோட மூச்சு எவ்வளவு வாங்குதுன்னு கயித்துல சாஞ்சவனுக்குத்தான் தெரியும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். 2020 மே 9, யூஎஃப்சி 249. கொரோனா காலம், அரங்கத்துல ஒரு ரசிகர்கூட இல்ல. கமெண்ட்ரி மேஜையில டேனியல் கார்மியர் பேசுறது கூண்டுக்குள்ள வரைக்கும் கேக்குது. எதிராளி கால்லயே உதைச்சுக்கிட்டு இருக்கான், அதைத் தடுக்கணும்னு கார்மியர் டிவி பார்க்குறவங்களுக்கு விளக்கிக்கிட்டு இருந்தார். கிரெக் ஹார்டி அதைக் கேட்டு மாத்திக்கிட்டார், ஜெயிச்சார், ஜெயிச்சதும் கார்மியருக்கு நன்றியும் சொன்னார். கேக்க ஜாலியான கதைதான். ஆனா எதிர்ல நின்னவனை நினைச்சுப் பாருங்க. அவன் ஒரு ஆள் கூடத்தான் சண்டைக்கு ஒத்துக்கிட்டான். அந்தப் பக்கம் ஒண்ணரை ஆள் இருந்தாங்க.

உடம்பை மட்டும் சோதிக்கணும்னா எடை தூக்க வச்சா போதுமே, எதுக்கு ரிங்? அடி விழுந்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எப்படி யோசிக்கிறான்ங்கிறதுதான் இந்த விளையாட்டோட பாதி. அந்தப் பாதியை வெளியில இருக்கிறவர் வாங்கிக்கிட்டா, உள்ள இருக்கிறவன் வெறும் ஜாய்ஸ்டிக் பொம்மை.

ரெண்டாவது காரணம், நம்ம பாஷையில சொல்லணும்னா, டிலே. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது தெரியும் (அரியர் வச்சவங்களுக்கு இன்னும் நல்லாவே தெரியும்). ஃபீட்பேக் நல்லதுதான், ஆனா லேட்டா வர்ற ஃபீட்பேக் சிஸ்டத்தையே ஆட்டங்காண வச்சிடும். ஒரு சத்தம் கேட்டு வெறும் பட்டனை அமுக்கவே மனுஷனுக்குச் சுமாரா 0.15-ல இருந்து 0.2 நொடி ஆகும். இங்க கார்னர் முதல்ல பார்க்கணும், முடிவு பண்ணணும், கத்தணும். கூட்டத்தோட இரைச்சல்ல அதை ஃபைட்டர் பிரிச்சுக் கேக்கணும், புரிஞ்சுக்கணும், அப்புறம் உடம்பு அசையணும். அதுக்குள்ள அந்த இடைவெளி மூடி, எதிராளி ரெண்டு குத்து விட்டு நகர்ந்திருப்பான். அந்த அறிவுரை, போன பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி. பத்தாததுக்கு அதே குரல் எதிராளிக்கும் கேக்குது. அதனாலதான் நிறைய ஜிம்கள்ல நம்பர் வச்சும் ரகசியச் சொல் வச்சும் கத்துறாங்க. அதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கவும் மூளையில இடம் வேணும். ஏற்கனவே அடி வாங்குற மூளை அது.

ஓய்வு நேர ஒரு நிமிஷத்தோட பலத்தைப் பாருங்க. 1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸ். சுகர் ரே லெனர்டு, தாமஸ் ஹேர்ன்ஸ்கிட்ட புள்ளியில பின்தங்கி இருக்கார். பன்னிரண்டாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உட்கார்ந்தப்போ, ஆட்டம் உன் கையை விட்டுப் போகுதுன்னு முகத்துக்கு நேரா சொன்னவர் அதே டண்டீதான். பதினாலாவது ரவுண்டுல லெனர்டு ஆட்டத்தை முடிச்சார். 2022 ஆகஸ்ட்ல லியான் எட்வர்ட்ஸ், கமாரு உஸ்மான்கிட்ட தோத்துக்கிட்டு இருக்கார். நாலாவது ரவுண்டு முடிஞ்சதும் கோச் டேவ் லவல் அவரை உலுக்கி எடுத்தார். அஞ்சாவது ரவுண்டுல ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாத நேரத்துல, தலையில ஒரே உதை, பெல்ட் கை மாறிச்சு. 60 நொடியில ஒரு மனுஷனையே மாத்த முடியும். அதுக்கு மேல என்ன வேணும்?

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இதுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். பாக்ஸிங்ல ஜெயிக்க வைக்கிறவர் யாரு, உயிரைக் காப்பாத்துறவர் யாருன்னு கேட்டா, ரெண்டுக்கும் ஒரே ஆளைத்தான் கை காட்டுறோம். ஒருத்தரே ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும்.

2019 ஜூலை 19. மேக்ஸிம் தாதாஷேவ், வயசு 28, அமெரிக்காவுல மேரிலண்டுல சுப்ரியேல் மத்தியாஸ் கூட ஆடினார். அடி மேல அடி. பதினோராவது ரவுண்டு முடிஞ்சதும் அவரோட கோச் படி மெக்கர்ட், நிறுத்திடலாம்னு கெஞ்சினார். தாதாஷேவ் வேண்டாம்னு தலையாட்டினார். மெக்கர்ட் கேக்கல, ரெஃபரிகிட்ட சொல்லி நிறுத்திட்டார். ஜூலை 23-ல தாதாஷேவ் இறந்து போனார். மெக்கர்ட் சரியாத்தான் செஞ்சார், அவரைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்ல. ஆனா அந்த வீடியோ ஒண்ணு சொல்லுது. வேண்டாம்னு ஃபைட்டர் சொல்லவே மாட்டான். அவன் தலையாட்டல் ஒரு பதிலே இல்ல. அவனுக்காக வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் வெளியில ஒரு ஆள் இருக்கார்.

1975-ல மணிலாவுல, பதினாலு ரவுண்டு முடிஞ்ச பிறகு எடி ஃபட்ச் அதைத்தான் செஞ்சார். ஜோ ஃப்ரேசியருக்குக் கண் மூடிப் போச்சு, எதிர்ல அலி, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. ஃப்ரேசியர் போறேன்னார், ஃபட்ச் விடல. 2020 பிப்ரவரியில டியான்டே வைல்டருக்காக மார்க் பிரேலண்ட் ஏழாவது ரவுண்டுல துண்டு வீசினார். வைல்டருக்குக் கோபம், அப்புறம் பிரேலண்டை டீமை விட்டே எடுத்துட்டாங்க. பிரேக் போட்டவருக்குக் கிடைச்ச சம்பளம் அது.

இப்போ யோசிங்க. மூணு நிமிஷமும் "அடி, உள்ள போ, இன்னொண்ணு விடு"ன்னு தொண்டை கிழியக் கத்துற ஆளோட கண்ணு எங்க இருக்கும்? எதிராளியோட தாடையில. தன் பையனோட கால் தள்ளாடுறது அவருக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் ஒரு இன்டர்-காலேஜ் போட்டி பார்த்தேன். ஒரு பையனுக்கு மூக்குல ரத்தம், பார்வை எங்கேயோ இருக்கு. அவன் கார்னர்ல இருந்தவர் முதுகு கயித்துல உரச, "அட்டாக், அட்டாக்"னு கத்திக்கிட்டே இருந்தார். ரெஃபரிதான் நிறுத்தினார். அந்த ஆள் கெட்டவர் இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் பையனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர் ஓட்டுறதுல இருந்தார், அவ்வளவுதான். ஓட்டுறவருக்குப் பார்க்க நேரமில்ல.

நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியும். "கையைத் தூக்கு"ன்னு கத்துறதும் பாதுகாப்புதானே? கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கையைத் தூக்கணும்னு முதல் நாள் ஜிம்முக்கு வர்ற சின்னப் பையனுக்கே தெரியும். மூணு தடவை கத்தியும் கை மேல வரலைன்னா, நாலாவது தடவை கத்துறதுல பிரயோஜனம் இல்ல. அது சோம்பேறித்தனமும் இல்ல, அறிகுறி. துண்டை எடுக்க வேண்டிய நேரம்.

"இதையெல்லாம் யாரு அமல்படுத்துறது? இரைச்சல்ல யாரு கத்தினாங்கன்னே தெரியாதே"ன்னு இன்னொரு கேள்வி வரும். ஜூடோவும் இரைச்சல்லதான் நடக்குது. நூறு சதவீதம் நிக்காது, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு எச்சரிக்கை, அடுத்தது வெளியேத்தம்னு ஆனா, தன் பையனை அடுத்த ரவுண்டுக்குத் தனியா விட எந்த வாத்தியாரும் விரும்ப மாட்டார். கத்தினவருக்குத்தான் தண்டனை, உள்ள அடி வாங்குறவனுக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். சின்னப் பசங்க, முதல் தடவை ரிங் ஏறுறவங்களுக்குப் பயம் போகணும்னா, ரவுண்டைச் சின்னதாக்குங்க, ஓய்வைக் கூட்டுங்க. பேச நேரம் தானா வரும்.

அதனால அடுத்த தடவை ஃபைட் பார்க்கும்போது ஒரே ஒரு ரவுண்டு, ரிங்கை விட்டுட்டு கார்னரைப் பாருங்க. அவர் யாரைப் பார்க்குறார்னு கவனிங்க. எதிராளியையா, தன் பையனையா? வட சென்னையில அவங்களைச் சும்மா வாத்தியார்னு கூப்பிடல. கத்துக்கொடுக்க வேண்டியதை ஜிம்ல கத்துக்கொடுத்தாச்சு, மிச்சத்தை ஸ்டூல்ல சொல்லியாச்சு. மணி அடிச்சதும் வாத்தியாருக்கு ஒரே வேலைதான். கையில துண்டை வச்சுக்கிட்டு, தன் பையன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காம உட்காருறது.