எல்லை தாண்டினால் செல்லாத அனுமதி

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்துக்குப் போக ஒரு பாலத்தைக் கடந்தால் போதும். நடுவில் டெலவேர் ஆறு மட்டுமே ஓடுகிறது. பாலத்தின் இந்தப் பக்கம் சட்டப்படி சரியாக இருக்கும் ஒரு செயல், அந்தப் பக்கம் போனதும் பல ஆண்டு சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகிவிடுகிறது. கைத்துப்பாக்கியைக் கைப்பைக்குள்ளோ சட்டைக்குள்ளோ மறைத்து எடுத்துச் செல்வதுதான் அந்தச் செயல்.

2013-இல் பிலடெல்ஃபியா நகரைச் சேர்ந்த ஓர் இளந்தாய்க்கு இதுதான் நேர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவர், வழிப்பறிக்கு ஆளான பிறகு பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வாங்கினார். தம் மாநிலத்தில் முறையாக அனுமதியும் பெற்றிருந்தார். நியூ ஜெர்சிக்குள் காரோட்டிச் சென்றபோது போக்குவரத்து விதிமீறலுக்காகப் போலீஸ் நிறுத்தியது. தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவரே அதிகாரியிடம் சொன்னார், அனுமதியையும் காட்டினார். அந்த மாநிலமோ பென்சில்வேனியாவின் அனுமதியை ஏற்பதில்லை. அவர் கைது செய்யப்பட்டார். குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை என்ற நிலை. 2014-இல் வழக்கு விசாரணைக்கு மாற்றான நன்னடத்தைத் திட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2015-இல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஒரு மாநிலம் கொடுத்த துப்பாக்கி அனுமதியை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டுமா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் இந்த விவாதத்தில், அந்தத் தாயின் கதையை ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். கதை உண்மையானது, நியாயமானதும்கூட. ஆனால் ஒரு கதை நியாயமாக இருப்பதால், அதைக் காட்டிக் கேட்கப்படும் சட்டமும் நியாயமாகிவிடுமா? இந்தக் கட்டுரையில் நான் ஆராய விரும்புவது அதைத்தான்.

ஐம்பது மாநிலங்கள், ஐம்பது விதிகள்

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-இல் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றி அது பேசுகிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே ஏந்திச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று 2022 ஜூனில் புரூயன் வழக்கில் கூறியது. அதுவரை நியூயார்க் உட்பட ஆறு மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும், விண்ணப்பிப்பவர் தமக்குத் துப்பாக்கி தேவைப்படும் தனிக் காரணத்தைக் காட்ட வேண்டும் என்றன. அந்த நிபந்தனை செல்லாது என்றானது.

ஆனால் அனுமதி முறையையே நீதிமன்றம் ஒழித்துவிடவில்லை. பின்னணிச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றை மாநிலங்கள் கேட்கலாம் என்ற நிலை தொடர்கிறது. எனவே விதிகள் இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரத் துப்பாக்கிச் சுடும் பயிற்சியும் கட்டாயம். பென்சில்வேனியாவில் பயிற்சியே கட்டாயமில்லை. டெக்சஸ் 2021-இல் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையையே நீக்கியது. 2024 முடிவதற்குள் இப்படி அனுமதியே தேவைப்படாத மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆகிவிட்டது. குறைந்தபட்ச வயது சில மாநிலங்களில் 18, வேறு பலவற்றில் 21.

மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒன்றின் அனுமதியை மற்றொன்று ஏற்பதும் உண்டு. சில மாநிலங்கள் எல்லாருடைய அனுமதியையும் ஏற்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவை எவருடையதையும் ஏற்பதில்லை. இதனால் நெடுந்தூரம் காரோட்டிச் செல்பவர் ஒவ்வோர் எல்லையிலும் புதிய சட்டத்துக்குள் நுழைகிறார்.

ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிடலாமா?

“என் ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலங்களிலும் செல்கிறது. துப்பாக்கி அனுமதி மட்டும் ஏன் செல்லக்கூடாது?” என்பதே ஆதரவாளர்களின் முதல் கேள்வி. கேட்டவுடன் சரியென்று தோன்றும் வாதம் இது. விவாத மேடைக்குத் தயாராகும் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுண்டு: ஓர் ஒப்புமை வந்தால், அதன் இரு பக்கங்களையும் அளந்து பாருங்கள்.

ஓட்டுநர் உரிமத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலங்களே தங்கள் சட்டங்களின் மூலம் ஏற்றுக்கொண்டன. அதற்கு இரண்டு காரணங்கள் துணைநின்றன. ஒன்று, தேர்வு முறை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது: எழுத்துத் தேர்வு, கண் சோதனை, சாலைச் சோதனை. இரண்டு, ஒருவருடைய உரிமம் பறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மாநிலங்கள் தங்களுக்குள் சரிபார்க்க வழி இருக்கிறது. துப்பாக்கி அனுமதியில் இந்த இரண்டுமே இல்லை. தேர்வு முறை ஒன்றுக்கொன்று ஒவ்வாதது. நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடும் கிடையாது. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தும் போலீஸ்காரர், தம் கையில் தரப்பட்ட அட்டை இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை உடனே உறுதிசெய்வது எளிதன்று.

நமக்கும் இது புரியாத விஷயமல்ல. மலேசிய உரிமத்தோடு தாய்லாந்தில் காரோட்ட முடிகிறதென்றால், ஆசியான் நாடுகள் 1985-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்குக் காரணம். அது கட்டளையால் வந்ததன்று, உடன்பாட்டால் வந்தது. மறுபக்கம், தீபகற்ப மலேசியாவில் தொழில் செய்யும் வழக்கறிஞர் சபாவிலோ சரவாக்கிலோ தம் விருப்பப்படி வழக்காட முடியாது. நாடு ஒன்றாக இருந்தும் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவிலும் டெக்சஸ் வழக்கறிஞருக்கு நியூயார்க்கில் அதே நிலைதான். ஆக, எல்லா உரிமமும் எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. தாண்டும் உரிமங்களுக்குப் பின்னால் பொதுவான ஓர் அளவுகோல் இருக்கிறது.

மசோதா என்ன கேட்கிறது?

2017 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை, அனுமதிகளை எல்லா மாநிலங்களும் ஏற்கக் கட்டாயப்படுத்தும் மசோதாவை 231-க்கு 198 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. செனட் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன் 2013-இல் செனட்டில் இதே நோக்கத்தோடு வந்த திருத்தத்துக்கு 57 பேர் ஆதரவளித்தும், தேவையான 60 வாக்குகள் கிடைக்காததால் அது தோற்றது. 2025 ஜனவரியில் மசோதா மறுபடியும் அறிமுகமானது. மார்ச்சில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு அதற்கு ஒப்புதல் அளித்தது.

இந்த மசோதாவில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அனுமதி வைத்திருப்பவருக்கு மட்டும் அது இடம் தரவில்லை. அனுமதியே தேவைப்படாத மாநிலத்தில் வசிப்பவரும் படம் பதித்த அடையாள அட்டையோடு மற்ற மாநிலங்களுக்குத் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்கிறது. அதாவது, நியூயார்க்வாசி 18 மணி நேரம் பயிற்சி பெற்ற பிறகே ஏந்தக்கூடிய துப்பாக்கியை, ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி பெறாத வெளிமாநிலத்தவர் அதே தெருவில் ஏந்தி நடக்கலாம். பெயருக்கு இது ‘பரஸ்பர ஏற்பு’. நடைமுறையில், மிகத் தளர்வான மாநிலத்தின் விதி நாடு முழுவதற்கும் விதியாகிறது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைப் பென்சில்வேனியாவே காட்டியிருக்கிறது. பிலடெல்ஃபியாவில் அனுமதி மறுக்கப்பட்ட சிலர், வெளிமாநிலத்தவருக்கும் அனுமதி தரும் ஃபுளோரிடாவுக்கு அஞ்சலில் விண்ணப்பித்து, அந்த அட்டையோடு சொந்த ஊரில் துப்பாக்கி ஏந்தினார்கள். இரு மாநிலங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் அதற்கு இடம் தந்தது. 2013-இல் அன்றைய மாநிலத் தலைமை வழக்கறிஞர் கேத்லீன் கேன் ஒப்பந்தத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார். மாநிலத்திடம் அந்த அதிகாரம் இருந்ததால்தான் அடைக்க முடிந்தது. கட்டாய ஏற்புச் சட்டம் வந்தால் அந்த அதிகாரமே போய்விடும்.

எதிர்வாதத்துக்கும் செவிகொடுப்போம்

ஆதரவாளர்களின் வலுவான வாதம் வேறொன்று. “காரோட்டுவது சலுகை, ஆயுதம் ஏந்துவது அரசமைப்பு தந்த உரிமை. பேச்சுரிமை மாநில எல்லையில் நின்றுவிடுகிறதா?” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளிமாநிலத்தவர் விண்ணப்பிக்கக்கூட வழியில்லாத மாநிலம், அவருடைய உரிமையை முழுவதுமாக மறுக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு, வெளிமாநிலத்தவருக்கும் விண்ணப்பக் கதவைத் திறந்துவிடுவது. உள்ளூர்வாசிக்கு உள்ள அதே நிபந்தனைகளோடு அவருக்கும் அனுமதி தரலாம். மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழங்கிய தீர்ப்புகளும் இந்தத் திசையில்தான் சென்றன: அதிகாரியின் விருப்பத்துக்கு இடம் தந்த பழைய விதி செல்லாது, தகுதியுள்ள அனைவருக்கும் தரும் புதிய விதியின்கீழ் வெளிமாநிலத்தவரிடமும் அனுமதி கேட்கலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஏந்துவதை எளிதாக்கினால் குற்றம் குறையும் என்று பொருளியலாளர் ஜான் லாட் 1998-இல் புத்தகமே எழுதினார். அப்படி முடிவுசெய்யப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2004-இல் கூறியது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் டொனஹூ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, ஏந்துவதை எளிதாக்கிய மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பிறகு வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 விழுக்காடு அதிகம் என்றது. இவை எல்லாம் ஒரு மாநிலம் தன் விதியைத் தளர்த்தியதைப் பற்றியவை; வெளிமாநில அனுமதியை ஏற்பதைப் பற்றியவை அல்ல. விவாதத்தில் இவற்றைப் பயன்படுத்துவோர் அந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்.

இந்த விவாதத்தில் ஒரு விந்தையும் உண்டு. பல விஷயங்களில் “மாநில உரிமையில் வாஷிங்டன் தலையிடக்கூடாது” என்று முழங்கும் பழைமைவாதிகள் இங்கே வாஷிங்டனின் கட்டளையைக் கேட்கிறார்கள். குடியுரிமைகளுக்காக வாஷிங்டனின் தலையீட்டை வேண்டிய தாராளவாதிகள் இங்கே மாநில உரிமையைப் பேசுகிறார்கள். ‘மாநில உரிமை’ என்பது பல நேரங்களில் கொள்கையாக இல்லை. கைக்கு வசதியான கருவியாக இருக்கிறது. அரசியல் பயிலும் மாணவர்கள் எந்த நாட்டுச் செய்தியைப் படித்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நடுவில் ஒரு வழி

கட்டாய ஏற்புக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2004-இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டம், பணியில் உள்ள போலீஸ் அதிகாரிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து ஏந்த இடம் தருகிறது. ஓய்வுபெற்றவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். இங்கே கட்டாயம் இருக்கிறது. கூடவே தகுதியும் இருக்கிறது. பொதுமக்களுக்கான மசோதாவில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். வயது, பயிற்சி, வன்முறைக் குற்றப் பின்னணி ஆகிய மூன்றிலும் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவை முதலில் வகுக்க வேண்டும். அந்த அளவை எட்டிய அனுமதியை எல்லா மாநிலங்களும் ஏற்கலாம். அதை உடனே சரிபார்க்கும் வழியும் வேண்டும். அந்த அளவு வரும்வரை, ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் முடிவாகவே இருக்கட்டும். ஆனால் சொந்த மாநிலத்தில் முறையான அனுமதி பெற்று, எந்தத் தீங்கும் நினைக்காமல் எல்லை தாண்டி வந்து, தானே உண்மையைச் சொன்ன ஒருவரைக் கொள்ளைக்காரரோடு சேர்த்துச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை மாநிலங்கள் மாற்ற வேண்டும். அபராதம் விதித்துத் திருப்பி அனுப்பலாம். பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரிக்க வேண்டியதில்லை.

பிலடெல்ஃபியாத் தாயைக் காப்பாற்ற ஐம்பது மாநிலங்களின் விதிகளையும் கீழே இறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நியூ ஜெர்சியின் ஒரு தண்டனைப் பிரிவைத் திருத்தினாலே போதுமாக இருந்தது. ஒரு சட்டம் யாருடைய துயரத்தைக் காட்டிக் கேட்கப்படுகிறது, அது நிறைவேறினால் வேறு எவருக்கெல்லாம் கதவு திறக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். துப்பாக்கி விவாதத்துக்கு மட்டுமல்ல, நாளை உங்கள் முன் வரும் எந்த மசோதாவுக்கும் அவை உதவும்.