வழியனுப்பியதோடு கடமை தீர்ந்ததா?

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வருவது சவளக்கடை. மாரி வெள்ளம் அத்தாம்போதியை மூடி, பிள்ளைகளின் பள்ளிப் பயணத்தைத் தடுத்த ஆண்டுகள் பல. அத்தகைய வயற்புறத்திலிருந்தும் இன்று இளைஞரும் யுவதியரும் பட்டப்பின் படிப்புக்காகக் கடல் கடந்து செல்ல முற்படுகின்றனர் என்பது நம் நெஞ்சைக் குளிர்விக்கும் செய்தியே. எனினும், மாலை சூட்டி, பாராட்டுரை வழங்கி, கட்டுநாயக்கா வரை சென்று கையசைத்துத் திரும்பும் நம் சமூகம், அப்பிள்ளை போய்ச் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் என்ன பாடு படுகின்றான் என்று வினவுகின்றதா? இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கின்றது.

முதலிற் பணத்தைப் பேசுவோம். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் செப்டெம்பரிலே தொடங்குகின்றன. சிறுபோக நெல்லை விற்ற காசு அப்பொழுதுதான் கைக்கு வந்திருக்கும்; அதனைப் பெரும்போக விதைப்புக்கும் உரத்துக்கும் எடுத்துவைக்க வேண்டிய வேளையும் அதுவே. பிரித்தானியாவுக்குச் செல்பவன் கல்விக் கட்டணத்தோடு, வாழ்க்கைச் செலவுக்கான தொகை 28 நாள் வங்கியில் இருந்தமையையும் காட்டவேண்டும். 2024 பெப்ரவரியில் மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 776 பவுணாக உயர்த்தப்பட்ட சுகாதாரக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தவேண்டும். ஜெர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்பது மெய்யே. ஆயினும் முடக்கக் கணக்கில் இட்டுக் காட்டவேண்டிய ஓராண்டுத் தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. இத்தனையும் தெரியாத தகப்பன், தரகன் சொல்லை வேதவாக்காக நம்பி, வட்டையில் உள்ள இரண்டு ஏக்கரையும் ஈடுவைக்கின்றான். "அங்கே வேலை செய்து மாதாமாதம் அனுப்புவான்" என்பது தரகன் வாக்கு. பட்டப்படிப்பு மாணவன் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உழைத்தல் பிரித்தானியாவிற் சட்ட விரோதம் என்பதைத் தரகன் சொல்வதில்லை. சொன்னால் அவனுக்குத் தரகுப்பணம் ஏது?

2022 மார்ச்சில் நம் ரூபா மிதக்கவிடப்பட்டதும், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துள் 350 ஐத் தாண்டிற்று. வீட்டுப் பணத்தை நம்பி அயல்நாட்டிற் படித்தவர்க்கு அதே நெல் அரைவாசிப் படிப்புக்கே போதுமானதாயிற்று.

கட்டணம் கட்டிப் படிக்கும் ஓராண்டு முதுமாணி வேறு. கட்டணம் நீக்கி உதவித்தொகையும் தரும் ஆராய்ச்சிப் படிப்பு வேறு. அமெரிக்காவிற் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்பவர் பலர் துணை விரிவுரைப் பணியாற்றி அதனாலேயே சீவிக்கின்றனர். அவர்களுக்குங்கூட முதற் சம்பளம் கையிற் சேரும்வரை வாடகைக்கும் முற்பணத்துக்கும் காசு வேண்டும். இந்த வேறுபாட்டை நம் பாடசாலைகளில் எவரேனும் மாணவர்க்கு விளக்கியதுண்டா?

பணத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆசிரியர் வந்தால் எழுந்து நின்று, அவர் சொன்னதை எழுதி, எழுதியதை ஒப்புவித்துத் தேறியவர் நம் பிள்ளைகள். அங்கோ பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். அவர் கூற்றை மறுத்துரைப்பவனே கெட்டிக்காரன் எனப்படுகின்றான். மௌனமாயிருப்பவனை அடக்கமுடையவன் என்று எவரும் மெச்சுவதில்லை. ஒன்றுந் தெரியாதவன் என்றே எண்ணுகின்றனர். பிறர் எழுத்தை மூலம் குறியாது எடுத்தாளல் அங்கு பெருங் குற்றம். இங்கு அது குறிப்பெடுத்தல் எனப்படுகிறது! டிசெம்பரில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழும் ஊரில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் வகுப்புக்கும் இடையே நேரம் பார்த்து, தனியறையிற் சோறு சமைத்துண்ணும் பிள்ளைக்கு இவற்றை யார் சொல்லிக்கொடுப்பது?

முன் சென்றவரே சொல்லவேண்டும். கைலாசபதி பேர்மிங்ஹாமில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து 1966 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே பேராசிரியரிடம் ஆராய்ந்த சிவத்தம்பி 1970 இற் பெற்றார். ஒருவர் திறந்த கதவு மற்றவருக்கும் திறந்திருந்தது. இக்கரையோரத்துக்கு ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் நினைவும் உண்டு. 1934 இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, சிவில் சேவைக்குத் தெரிவானமையால் இடையிலே திரும்பிய அவர், 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தது உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கு. வந்தவர் நெல்லோடு நிற்கவில்லை. அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1945 இல் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கும் அவரே மூலகர்த்தர். வயலையும் கல்வியையும் ஒரே கணக்கேட்டில் எழுதிய மனிதர் அவர்.

1995 இல் தொடங்கி 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. வெளிநாடு சென்று பட்டம் பெற்றுத் திரும்பிய விரிவுரையாளர்கள் அங்கு உளர். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் மூன்று நாள், கடல் கடக்கவிருக்கும் மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்து, செலவுக் கணக்கை வெளிப்படையாகக் காட்டுவதும், கருத்தரங்கில் வாய்திறந்து வாதாடப் பழக்குவதும் அவர்க்கு அரிதோ? தமிழ் மாணவர், முஸ்லிம் மாணவர் என்ற பிரிவு அதில் வேண்டாம். அயல்நாட்டுக் குளிர் அந்த வேற்றுமையை அறியாது. பாராட்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் தேடும் நம் சங்கங்கள் அச்செலவிற் பாதியைத் திருப்பிக் கொடுக்கத்தக்க கைமாற்றாக ஒதுக்கினால், முதல் மாத வாடகைக்காக ஒருவர் வயலும் ஈட்டுக்குப் போகவேண்டியதில்லை. அடுத்த ஆடிக்கு முன் இதனைத் தொடங்குவோர் எவர் என்பதைச் சங்கங்கள் தத்தம் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானித்து அறிவிக்கட்டும்.