ரசிகர் மலருக்கும் ஒரு பதிவேடு

பல்லடத்தில் தறி ஓடிய ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டு அண்மையில் எங்களிடம் வந்து சேர்ந்தது. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கைக்காசு போட்டு அச்சிட்ட மலர்கள், சில கையெழுத்து இதழ்கள். இதைவிடப் பெரிய கட்டொன்று முன்னரே எடைக்குப் போய்விட்டதாம். அதில் என்னென்ன இருந்தன என்பதை வீட்டாரும் அறியார்.

கட்டைப் பிரித்ததும் எங்களுக்குள் விவாதம் எழுந்தது. இவற்றுக்கு மதிப்புரை எதற்கு, எல்லாம் வெறும் துதிதானே என்றார் ஒரு நண்பர். துதிதான், மறுக்கவில்லை. ஆயினும் அச்சகத்தின் பெயரும், பின்னட்டையில் விளம்பரம் தந்த மளிகைக்கடையும் சைக்கிள் கடையும், நன்கொடையாளர் பட்டியலும் வேறெந்த ஏட்டில் கிடைக்கும்? இதழ் எண், மாதம், பக்கம், விலை, உள்ளடக்கம் ஆகியவற்றைக் குறித்த பின்னரே பாராட்டோ கண்டனமோ எழுதவேண்டும் என்பது எங்கள் துணிபு. இவை இல்லாத மதிப்புரை, இதழ் அழிந்தபின் எவருக்கும் உதவாது.

ரசிகர் இதழென்றால் இளக்காரம் நம்மிடையே அதிகம். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1967இலேயே அதன் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைத் தாங்களாகவே வெளியிட்டனர். இன்று அயோவா பல்கலைக்கழக நூலகம் இத்தகைய ரசிகர் இதழ்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது.

நமக்கும் முன்னோடிகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் கழித்த தாள்களையும் சேர்த்துவைத்தமையால்தான் 1994இல் அவர் பெயரில் சென்னையில் ஒரு நூலகம் உருவாயிற்று. நமக்கு அருகிலுள்ள பொள்ளாச்சியில் நசன் சிற்றிதழ்களைத் தேடித் தொகுத்ததோடு, அவற்றை அறிமுகப்படுத்தவே 'சிற்றிதழ்ச் செய்தி' என்ற இதழையும் நடத்தினார். ஆனால் சிற்றிதழுக்குக் கிடைத்த இந்த மரியாதை ரசிகர் மலருக்குக் கிடைக்கவில்லை. இலக்கியவாதிகளாகிய நாங்களும் இதில் குற்றவாளிகளே.

எங்கள் கட்டில் தேதியில்லாத மலர் ஒன்றுண்டு. 'லை', 'ணை' எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் உள்ளன. எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது எம்.ஜி.ஆர். அரசே, ஆண்டு 1978. அதற்கு முந்திய மலர் என்று உடனே எழுதிவிட ஆசைதான். ஆனால் சிற்றூர் அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளை ஒரே நாளில் கழித்திருக்குமா? இப்போதைக்கு 'காலம்' என்ற கட்டத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறோம். பல்லடம் வட்டாரத்தில் அந்நாளில் அச்சுக்கோத்தவர் எவரேனும் பார்த்துச் சொன்னால் திருத்திக்கொள்வோம்.