பத்து எண்ணும் தயவு

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் அம்மாள் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வழக்குடன் வந்து சேர்ந்தார். வாதி அவர், பிரதிவாதி அவருடைய ஏக புத்திரன். வயது பதினாறு. ‘எம்.எம்.ஏ.’ என்று சொல்லப்படும் கலப்புச் சண்டை பழகியே தீருவேன் என்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான்.

“அண்ணா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். இவன் டெலிபோனில் அந்தக் கண்ணராவியைப் பார்த்தேன். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து அடிக்கிறார்கள்! குத்துச்சண்டை என்றாலும் பாதகமில்லை. பெரிய உறை போட்டுக்கொள்கிறார்கள். விழுந்தவனைத் தொடுவதில்லை, எழுந்திருக்கட்டும் என்று பத்து எண்ணுகிறார்கள். அது மரியாதையான விளையாட்டு” என்றார்.

மரியாதை உண்டு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் கட்டி வளர்த்த கலை அது. 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ரோஷம் தெரிந்திருக்கும். ஆனால் மரியாதை வேறு, க்ஷேமம் வேறு. வழக்கில் அம்மாளின் கட்சி நாம் நினைக்கிற அளவு பலமானதல்ல.

கனடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலை வைத்தியர்கள், பந்தயம் முடிந்தவுடன் வீரர்களைப் பரிசோதித்த குறிப்புகளை ஆராய்ந்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு காயத்துடன் மேடையை விட்டு இறங்கியவர்கள் கலப்புச் சண்டையில் நூற்றுக்கு 59.4, குத்துச்சண்டையில் 49.8. இதுவரை அம்மாளுக்கே வெற்றி. ஆனால் நினைவு தப்பியவர்களைக் கணக்கிட்டால், கலப்புச் சண்டையில் 4.2, குத்துச்சண்டையிலோ 7.1! ரத்தம் அதிகம் தெரிவது ஓரிடம். மூளைக்கு அபாயம் அதிகம் இருப்பது மற்றோரிடம்.

காரணம் தெரிந்துகொள்வது கஷ்டமல்ல. கலப்புச் சண்டையில் காலைப் பிடித்து வீழ்த்தலாம், கையை முறுக்கலாம், கழுத்தை நெருக்கலாம். தாங்க முடியாதவன் கையால் இரண்டு தட்டு தட்டினால் ஆட்டம் முடிந்தது. குத்துச்சண்டையில் வேறு வழியே இல்லை. இடுப்புக்கு மேலே குத்தவேண்டும், அதிலும் தலையே முக்கிய இலக்கு. அம்மாள் மெச்சிய கையுறை எதிராளியின் மூளையைக் காப்பதில்லை. குத்துகிறவனின் விரல் எலும்புகளைக் காக்கிறது. கை வலிக்காதவன் மறுபடியும் மறுபடியும் குத்தலாம் அல்லவா?

அந்தப் பத்து எண்ணிக்கை இன்னும் விசித்திரம். 1867-ல் வெளியான குவீன்ஸ்பரி விதிகளிலிருந்து வந்த தயவு அது. ஒரு முறை மூளை கலங்கி விழுந்தவனைப் பத்து விநாடியில் எழுப்பி, மறுபடியும் அதே தலையை அடி வாங்க அனுப்புகிறது! 1982-ல் தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ அமெரிக்காவில் பதினான்காவது சுற்று வரை நின்று போராடி, வீழ்ந்து, சில நாளில் மாண்டார். அதன் பிறகே பதினைந்து சுற்றுப் பந்தயங்கள் பன்னிரண்டாகக் குறைந்தன.

உடனே தெரியாத சேதமும் உண்டு. குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் நாளடைவில் குடித்தவர்களைப் போலத் தள்ளாடுவதைப் பற்றி அமெரிக்க வைத்தியர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். முகம்மது அலி 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் பந்தயம் ஆடியபோது ஜனங்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். நாலு வருஷம் கழித்து அவருக்குப் பார்க்கின்ஸன் நோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். குத்துக்களே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சந்தேகம் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

“தலைக்கவசம் போட்டுக்கொண்டால்?” என்றார் அம்மாள். அவர் கணவர் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். கவசத்தில் நம்பிக்கை இருப்பது சகஜந்தான். மேலிருந்து விழும் கல்லைச் சுரங்கத் தொப்பி தடுக்கும். குத்துச்சண்டைக் கவசமும் புருவம் கிழியாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மண்டை ஓட்டுக்குள்ளே மூளை குலுங்குவதை அது எப்படித் தடுக்கும்? குடத்துக்கு மேலே துணி சுற்றினால் உள்ளே தண்ணீர் அலையாமல் இருக்குமா?

அதுவரை பேசாதிருந்த பையன் முகம் மலர்ந்து, “அப்படியானால் மாமா, எம்.எம்.ஏ.தான் நல்லது என்கிறீர்களா?” என்று கேட்டான்.

“இல்லை, தம்பி. 4.2 என்பதும் மனிதர்களின் தலைக் கணக்குத்தான்” என்றேன்.

என் தீர்ப்பு இதுதான். எதை வேண்டுமானாலும் பழகட்டும். கயிறு தாண்டட்டும், மூட்டையைக் குத்தட்டும், கால் வைக்கும் வித்தையைக் கற்கட்டும். இவற்றால் தேகம் உரம் பெறும், மனமும் கட்டுப்படும். ஆனால் வளரும் பிராயத்தில் தலையில் குத்து வாங்கும் பயிற்சி வேண்டாம். தவறிப்போய் ஒரு நாள் அடிபட்டுத் தலை கிறுகிறுத்தால் அன்று ஆட்டம் முடிந்தது. வைத்தியர் சம்மதிக்கும்வரை மேடை ஏறக்கூடாது. இதற்கு இணங்காத வாத்தியார் எவ்வளவு பெரிய வஸ்தாதாயிருந்தாலும் அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவேண்டாம்.

பையனுக்குப் பாதி திருப்தி, அம்மாளுக்கும் பாதி. எழுந்து போகும்போது, “அந்த இரண்டு தட்டு தட்டுகிறார்கள் என்றீர்களே, அதை இவன் முதலில் கற்றுக்கொள்ளட்டும், அண்ணா” என்றார். நான் சொன்ன தீர்ப்பைவிட அது நல்ல தீர்ப்பு.