நூறு டாலர் தரத்தை அளக்குமா?

கணினி விளையாட்டு என்றாலே படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால், அந்த விளையாட்டுகளை உருவாக்கி விற்பது ஒரு தொழில் என்பதையும், அத்தொழிலில் நம் வயதொத்த மாணவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் முதலீடு இல்லாமல் ஓரிருவர் சேர்ந்து சொந்த முயற்சியில் உருவாக்குபவற்றை 'இண்டி' விளையாட்டுகள் என்பர். அவை உலகச் சந்தைக்குப் போகும் வழி இணையக் கடைகள்தாம். அக்கடைகளின் வாசலில் வசூலிக்கப்படும் நுழைவுக் கட்டணம் நியாயமானதா? அது தரத்தைக் காக்கிறதா? இக்கேள்விகளைப் பற்றியே இங்கு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். கணினி விளையாட்டுக் கடைகளில் முதன்மையானது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டீம். தொடக்கத்தில் எதை விற்பது என்பதை அந்நிறுவனத்தாரே முடிவு செய்தனர். 2012 ஆகஸ்டு மாத இறுதியில் 'கிரீன்லைட்' திட்டம் வந்தது. விளையாடுவோரே வாக்களித்து, கடைக்கு வரவேண்டிய விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். சில நாள்களிலேயே போலிப் பதிவுகள் குவிந்தன. உடனே 100 அமெரிக்க டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. 2017 ஜூனில் வாக்கெடுப்பும் கைவிடப்பட்டு, 'ஸ்டீம் டைரெக்ட்' நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். அந்த விளையாட்டு 1,000 டாலர் வருமானம் ஈட்டினால்தான் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மற்றக் கடைகளும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கிறது. கூகல் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர். 2013-இல் தொடங்கப்பட்ட இட்ச் ஐஓ தளத்திலோ நுழைவுக் கட்டணமே இல்லை.

சரி, கட்டணம் வந்ததால் தரம் உயர்ந்ததா? 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வெளிவந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக ஐம்பது! அவற்றுள் எத்தனையோ விளையாட்டுகள் யார் கண்ணிலும் படாமலேயே புதைந்து போகின்றன. 2025 பிப்ரவரியில் 'பைரட்ஃபை' என்ற இலவச விளையாட்டு அதே கடையில் இடம்பெற்றது. அதற்குள் கணினித் தகவல்களைத் திருடும் நச்சுநிரல் இருப்பது பின்னர்தான் தெரியவந்து, அது நீக்கப்பட்டது. திருட வருபவனுக்கு நூறு டாலர் ஒரு முதலீடு. முதல் படைப்பைக் கொண்டு வரும் மாணவனுக்கோ அது ஒரு சுமை.

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். தரத்தை அளப்பது அந்தப் பத்தில் ஒன்று அன்று.

நம் ஊர் இரவுச் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை போட நகராண்மைக் கழகத்திடம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தால் உணவு சுத்தமாகிவிடுகிறதா? இல்லை. உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, சுகாதார அதிகாரியின் சோதனை ஆகியவைதாம் நம் வயிற்றைக் காக்கின்றன. உரிமக் கட்டணத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் என்ன ஆகும்? கைப்பக்குவம் உள்ள ஏழைப் பெண்மணி ஒதுங்கிக்கொள்வார். பணம் உள்ளவர் மட்டும் கடை போடுவார்.

இதே யோசனை ஸ்டீமுக்கும் வந்தது. 2017 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம், கட்டணத்தை 100 முதல் 5,000 டாலர் வரை எவ்வளவு வைக்கலாம் என்று யோசித்து வருவதாக அறிவித்தது. நல்லவேளையாக 100 டாலரே நிலைத்தது. எனினும், 'குப்பை பெருகிவிட்டது, கட்டணத்தை உயர்த்துங்கள்' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்தைத்தான் நான் ஏற்கவில்லை.

'வேம்பயர் சர்வைவர்ஸ்' என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. லூக்கா கலாந்தே என்பவர் ஏறக்குறையத் தனியாளாகத் தொடங்கிய அது, 2021-இல் முதலில் இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாக வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மூன்று டாலருக்கும் குறைந்த விலையில் ஸ்டீமுக்கு வந்தது. படங்களை மட்டும் பார்த்தால் பழங்காலத்து விளையாட்டு என்றே தோன்றும். ஆனால், 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஆண்டின் சிறந்த விளையாட்டாக அது தேர்வு பெற்றது. 5,000 டாலர் வாசற்படியை அது தாண்டியிருக்குமா? தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யும் தேர்வுக் குழு ஒன்று இருந்திருந்தால், அதைத்தான் உள்ளே விட்டிருக்குமா?

இன்னொன்றையும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். நூறு டாலர் எல்லா நாட்டிலும் ஒரே நூறு டாலர் அன்று. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர். அங்கே இரண்டு நாள் வேலை செய்தால் இக்கட்டணத்தைக் கட்டிவிடலாம். நம் நாட்டிலோ அது ஏறக்குறைய 400 ரிங்கிட். 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட நம் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் கால்வாசி! இதைவிட ஏழ்மையான நாடுகளின் நிலை என்ன?

நானும் என் இரு நண்பர்களும் ஈராண்டாக ஒரு சிறு விளையாட்டை உருவாக்கி வருகிறோம். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போகும் ஒரு பாட்டியின் கதை அது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, தோட்டத்து லயத்தை வகுப்பு நண்பர்களுக்கு விளக்கச் சொற்கள் போதவில்லை. விளையாடிப் பார்த்தால் புரியும் என்றே இதைத் தொடங்கினோம். இது ஆயிரம் டாலர் ஈட்டுமா என்பது ஐயமே. ஈட்டாவிட்டால் கட்டணம் திரும்பாது. வென்றவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெல்லாதவனிடம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இத்தகைய கதைகளை யார் வாங்குவார் என்று கேட்கலாம். கனடாவின் விசை கேம்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறைக் கதை. இட்லி அவிப்பதுகூட அதில் ஒரு புதிர். 2024-இல் அது சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. நம் கதைகளுக்கு உலகில் இடம் உண்டு என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு சிறு தொகை, விளையாட்டுத்தனமாக வருபவர்களைத் தடுக்கும். ஆனால், அது நாட்டுக்கு நாடு மாறட்டும். ஸ்டீம் ஏற்கனவே விளையாட்டுகளை வாங்குவோருக்கு நாட்டுக்கேற்ற விலையை அனுமதிக்கிறது. நாம் ரிங்கிட்டில்தானே வாங்குகிறோம்? வாங்குபவனுக்குக் காட்டும் கருணையைப் படைப்பவனுக்கும் காட்டலாமே! ஏமாற்றுக்காரர்கள் மலிவான நாட்டின் பெயரில் வருவார்களே என்று சிலர் அஞ்சலாம். வங்கிக் கணக்கு, வரி விவரம் ஆகியவற்றைக் கடை ஏற்கனவே கேட்டு வாங்குகிறது. அவற்றைக் கொண்டே நாட்டை உறுதிசெய்யலாம்.

தரத்தைக் காக்கும் வேலையை மனிதர்களிடம் விடுங்கள். இந்நிறுவனம் பொதுவாக ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு சோதனையாளர்களைப் பெருக்கலாம். விளையாட்டு இயங்குகிறதா, சொன்னது உள்ளே இருக்கிறதா, நச்சு இல்லையா என்பதை மட்டும் அவர்கள் கண்டிப்பாகப் பார்க்கட்டும். நல்லதா கெட்டதா என்பதை விளையாடுவோர் முடிவு செய்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடிப் பார்த்து, 14 நாள்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி 2015 முதல் இருக்கிறதல்லவா?

அமெரிக்காவில் உள்ள நிறுவனம் நம் குரலைக் கேட்குமோ என்னவோ! நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். பல்கலைக்கழகத் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் கலை நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. ஒரு மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு மாணவனின் விளையாட்டுக்குக் கட்டணம் கட்டிவிடலாம். சிறுகதைப் போட்டிக்குப் பரிசு வைக்கும் நாம், அடுத்த ஆண்டு முதல் ஒரு தமிழ்க் கணினி விளையாட்டுக்கும் அந்த 400 ரிங்கிட்டை ஒதுக்குவோமா?